ஹைடல்பெர்க்ல இருக்கிற உடல் மியூசியத்துக்கு குடும்பத்தோட போலாமா?

கேள்வி சுருக்கமா இதுதான்: லீவுக்கு ஜெர்மனி போறோம், ஹைடல்பெர்க்ல தங்குறோம், அங்க கோர்ப்பர்வெல்ட்டன்னு நிஜ மனுஷ உடம்புகளை வச்சிருக்கிற மியூசியம் இருக்கு, ஏழாவது படிக்கிற பொண்ணு பாத்தே ஆகணும்ங்கறா, எனக்கு மனசு ஒப்பல. அதெல்லாம் உண்மையிலேயே மனுஷங்களா, யாரோட உடம்பு, பொண்ணு பயந்துடுவாளா, கூட அம்மாவும் வராங்க, அப்பா தவறி ஒரு வருஷம்கூட முடியல, அவங்களை கூட்டிட்டு போலாமா.

நான் பிசியோதெரபி பசங்களுக்கு உடம்பு அமைப்பு பாடமான அனாட்டமி எடுக்கிறவன், இந்த கண்காட்சிய ஹைடல்பெர்க்லயும் பெர்லின்லயும் பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

உண்மையான உடம்புதான், மெழுகு பொம்மை இல்ல. தசை, எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் ஒரு காலத்துல நடமாடிட்டு இருந்த மனுஷங்களோடது. கண்ணு மட்டும் கண்ணாடில செஞ்சு வச்சது. தோல உரிச்சு, முகத்தையும் மாத்தி அமைச்சுடறதால இன்னார்னு யாராலயும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. நாத்தம் அடிக்குமான்னு நிறைய பேருக்கு ஒரு பயம் இருக்கும், சுத்தமா அடிக்காது. எங்க உடம்ப அறுத்துப் படிக்கிற டிசெக்‌ஷன் ஹால்ல முதல் நாள் வர்ற பசங்களுக்கு உடம்பு அழுகாம இருக்க ஏத்துற ஃபார்மலின் நெடிலயே கண்ணு கலங்கி மூக்குல தண்ணி வந்துடும், இங்க அந்த மாதிரி எதுவுமே கிடையாது, ரத்தமும் இருக்காது, எல்லாம் உலர்ந்து கெட்டியா நிக்கும்.

இது எப்படி முடியுதுன்னு தெரிஞ்சுகிட்டு போனா பாக்குறது வேற மாதிரி இருக்கும். குந்தர் ஃபொன் ஹாகென்ஸ்னு ஒரு டாக்டர், கிழக்கு ஜெர்மனில வளந்தவர், 1969-ல எல்லை தாண்டி தப்பிக்கப் பாத்து மாட்டி ஜெயில்ல இருந்தார், 1970-ல மேற்கு ஜெர்மனி பணம் கொடுத்து வெளிய எடுத்துச்சு. அப்புறம் ஹைடல்பெர்க் யூனிவர்சிட்டில அனாட்டமி டிபார்ட்மென்ட்ல வேலை. அப்போ ஸ்பெசிமென்களை, அதாவது பாடத்துக்கு எடுத்து வச்ச உடல் பாகங்களை, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கட்டிக்குள்ள புதைச்சு வைப்பாங்க. பிளாஸ்டிக்க ஏன் வெளிய சுத்தணும், திசுவுக்கு உள்ளயே ஏத்தினா என்னன்னு அவருக்கு ஒரு கேள்வி வந்துது, 1977-ல அத செஞ்சும் காட்டிட்டார். அந்த முறைக்கு பேர்தான் பிளாஸ்டினேஷன். இப்ப நீங்க போற ஊர்தான் அது பொறந்த இடம். மியூசியமே ஒரு பழைய நீச்சல்குளக் கட்டிடத்துல 2017-ல திறந்தது, நூறு வருஷத்துக்கு மேல பழைய கட்டிடம், அதுவே பாக்க அழகா இருக்கும்.

வேலை நடக்கிற விதம் இப்படி. முதல்ல ரத்தக்குழாய் வழியா ஃபார்மலின் ஏத்தி அழுகறத நிறுத்துவாங்க. அடுத்தது டிசெக்‌ஷன், தோல், கொழுப்பு, இடையில இருக்கிற சவ்வு எல்லாத்தையும் ஃபோர்செப்ஸ் இடுக்கியும் ஸ்கால்பல் கத்தியும் வச்சு துளித்துளியா எடுக்கணும், மாசக்கணக்குல ஆகும். அதுக்கப்புறம் உடம்ப மைனஸ் 25 டிகிரி அசிட்டோன் தொட்டில போட்டுருவாங்க, உப்புல போட்ட மாங்காய் தண்ணி விடுற மாதிரி உடம்புல இருக்கிற தண்ணி வெளிய வந்து அந்த இடத்துக்கு அசிட்டோன் போயிடும், பிறகு சூடு கொஞ்சம் ஏத்தின இன்னொரு அசிட்டோன் தொட்டில கரையற கொழுப்பும் போயிடும். இனிமேதான் முக்கியமான கட்டம். சிலிக்கோன் ரப்பர் கரைசல்ல உடம்ப முக்கி வேக்குவம் போடுவாங்க. காத்தழுத்தம் குறைஞ்சா அசிட்டோன் ஆவியாகி குமிழ் குமிழா வெளியேறும், அது விட்டுட்டு போன வெற்றிடத்துக்குள்ள சிலிக்கோன் உறிஞ்சப்படும், ஒவ்வொரு செல்லுக்குள்ளயும். இந்த கட்டத்துல உடம்பு இன்னும் வளையற பதத்துல இருக்கும், அப்பதான் ஊசி, கம்பி, ஃபோம் கட்டை எல்லாம் வச்சு வேணுங்கற நிலைல நிறுத்தி, கடைசியா ஒரு வாயுவ செலுத்தி கெட்டியாக்குவாங்க. ஒரு முழு உடம்புக்கு சுமார் 1500 மணி நேர வேலை, கிட்டத்தட்ட ஒரு வருஷம். போலந்து எல்லைல, நைஸ்ஸ ஆத்தங்கரைல, கூபென்னு ஒரு சின்ன ஊர் இருக்கு, தொப்பியும் துணியும் தயாரிச்ச ஊர், அங்க ஒரு பழைய துணி மில் கட்டிடத்துல 2006-ல இருந்து இந்த வேலை நடக்குது, அதையும் பொதுமக்கள் போய் பாக்கலாம். உங்க பயணத்துக்கு அது ரொம்ப தூரம், ஆனா மெடிக்கல் லைன்ல இருக்கிறவங்க யாராவது இத படிச்சா கூபென் பக்கம் ஒரு நாள் ஒதுக்குங்க.

இப்ப உள்ள போனா எத பாக்கணும். பெரும்பாலும் ஜனங்க நேரா பெரிய உருவங்கள்கிட்ட போயிடறாங்க. செஸ் ஆடுறவர், ஓடுறவர், தன் தோல தானே கையில ஏந்தி நிக்கிறவர். அந்த தோல் ஏந்துற மனுஷன் ஃபொன் ஹாகென்ஸ் யோசிச்சது இல்ல, 1556-ல ஹுவான் வால்வெர்டேன்னு ஒரு ஸ்பெயின் நாட்டு டாக்டர் போட்ட அனாட்டமி புத்தகத்துல அதே நிலைல ஒரு படம் இருக்கு. கண்காட்சிக்கு கண்காட்சி உருவங்க மாறும், அதனால உங்களுக்கு எது கிடைக்கும்னு சொல்ல முடியாது. என்னைக் கேட்டா பெரிய உருவத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னுட்டு கண்ணாடிப் பெட்டிகள்கிட்ட போங்க, விஷயமே அங்கதான் இருக்கு.

முன்கையும் கையும் சேந்த ஒரு ஸ்பெசிமென் கிடைச்சா பொண்ண அங்க நிக்க வச்சு அவ விரல மடக்கி நீட்டச் சொல்லுங்க. விரல மடக்குற பெரிய தசை விரல்ல கிடையாது, முழங்கைக்கு கீழ முன்கைல இருக்கு, அங்கேர்ந்து கயிறு மாதிரி டெண்டன், அதாவது தசைய எலும்போட கட்டுற நார், மணிக்கட்ட தாண்டி வருது. கட்டைவிரல் தவிர ஒவ்வொரு விரலுக்கும் ரெண்டு. மேல வர்ற டெண்டன் விரலுக்குள்ள நுழைஞ்சதும் ரெண்டா பிளந்து வழி விடும், அடியில வர்ற டெண்டன் அந்த பிளவு வழியா புகுந்து விரல் நுனி வரைக்கும் போய் ஒட்டும். நான் போர்டுல இத வருஷா வருஷம் வரையறேன், பசங்க தலையாட்டுவாங்க, ஆனா பிளாஸ்டினேட் பண்ணின கையில அந்த வெள்ளை நார் பிரிஞ்சு இடம் கொடுத்து அடுத்த நார் உள்ள நுழையறத நேர்ல பாத்த பையன் அதுக்கப்புறம் பரீட்சைல அத தப்பா எழுதினதே இல்ல. தொடைக்கு பின்னால போற சயாட்டிக் நரம்பையும் தேடிப் பாருங்க. நரம்புன்னா நூல் மாதிரி இருக்கும்னு நெனச்சுட்டு இருப்போம், அது சுண்டுவிரல் தடிமன் இருக்கும், இடுப்பு வலின்னு வர்ற அம்மாக்களுக்கு வலி ஏன் கால் வரைக்கும் இறங்குதுன்னு ஒரே பார்வைல புரியும்.

ரத்தக்குழாய் மட்டும் சிவப்பா ஒரு கையாவோ முகமாவோ சிறுநீரகமாவோ நிக்கிறது இன்னொண்ணு. குழாய்க்குள்ள சிவப்பு நிற பிளாஸ்டிக்க செலுத்தி அது இறுகினதும் சுத்தி இருக்கிற சதையெல்லாத்தையும் கரைச்சுட்டா குழாய்களோட அச்சு மட்டும் மிஞ்சும். சதையே இல்லாம ஒரு முழு முகம் தெரியும், அவ்வளவு நெருக்கமா இருக்கும் அந்த வலை.

நுரையீரல் பெட்டிகிட்ட ஒண்ணு கவனிங்க. புகை பிடிச்சவர் நுரையீரல் கருப்பா, பக்கத்துல பிடிக்காதவரோடது வெளிறிப்போய் இருக்கும், எல்லாரும் அங்க நின்னு பெருமூச்சு விடுவாங்க. அந்த கருப்பு கார்பன் துகள் படிஞ்சது. சிகரெட்டுல இருந்து வரும், நிலக்கரிப் புகைல இருந்தும் வண்டிப் புகைல இருந்தும் வரும், புகையே பிடிக்காம பெரிய ஊர்ல வாழ்ந்தவங்க நுரையீரல்லயும் கருப்பு திட்டு இருக்கும், டிசெக்‌ஷன் ஹால்ல நாங்க சாதாரணமா பாக்குறதுதான். சிகரெட் நுரையீரலுக்கு பண்ற மோசமான சேதம் காத்துப்பைகள் கிழிஞ்சு பெரிய பெரிய ஓட்டையாறது, அதுக்கு எம்ஃபிசீமான்னு பேரு. நிறத்த விட்டுட்டு வெட்டுமுகத்துல அந்த ஓட்டைகளத் தேடச் சொல்லுங்க.

சரி, யாரோட உடம்பு. உங்க மனசு ஒப்பலன்னு சொன்னீங்களே, அதுக்கு காரணம் இதுதான்னு நெனைக்கிறேன், அது நியாயமான தயக்கம். டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்க வேண்டிய கேள்வி இது ஒண்ணுதான்.

ஃபொன் ஹாகென்ஸ் கண்காட்சிக்கு 1980-கள் தொடக்கத்துல இருந்தே உடல் தானப் பதிவு இருக்கு. உயிரோட இருக்கும்போதே கையெழுத்து போட்டுக் கொடுக்கிறாங்க, பொதுமக்கள் பாக்க வைக்கலாமா கூடாதான்னு அதுல சொல்லலாம், எப்ப வேணா வாபஸ் வாங்கலாம். பெரும்பாலும் ஜெர்மன்காரங்க. பேர், வயசு, எதனால இறந்தாங்க எதையும் வெளிய சொல்ல மாட்டாங்க. 2004-ல அமெரிக்காவுக்கு முதல் தடவை போனப்ப லாஸ் ஏஞ்சலஸ்ல நடத்தின கலிஃபோர்னியா சயின்ஸ் சென்டர் சும்மா ஒத்துக்கல, வெளியாள் ஒருத்தர வச்சு சம்மதப் பத்திரங்களையும் இறப்பு சான்றிதழ்களையும் பொருத்திப் பாத்துட்டுதான் அனுமதிச்சாங்க. அதே வருஷம் டெர் ஷ்பீகல்னு ஜெர்மன் பத்திரிகை சைனாவுல டாலியன் நகரத்துல இருந்த ஃபொன் ஹாகென்ஸோட கூடத்துக்கு வந்த உடல்கள்ல மரண தண்டனை கைதிகளோடதும் இருக்கலாம்னு எழுதுச்சு. அவர் மறுத்தார், தலையில காயம் இருந்த ஏழு உடல்களை சைனாவுக்கே திருப்பி அனுப்பிட்டதாவும் கண்காட்சில இருக்கிறது எல்லாம் தானம் பண்ணினவங்கதான்னும் சொன்னார். பேர் மறைக்கிறதால எந்த பத்திரம் எந்த உடம்புக்குன்னு பார்வையாளரால சரிபாக்க வழியில்லன்னு ஒரு விமர்சனம் இன்னைக்கும் இருக்கு, அது சரியான விமர்சனம்தான்னு நானும் நெனைக்கிறேன். ஆனாலும் உள்ளதுக்குள்ள முறையா சம்மதம் வாங்கி நடக்கிறது இதுதான், இல்லன்னா நான் போயிருக்க மாட்டேன்.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா இதே மாதிரி வேற கம்பெனிகளும் நடத்துறாங்க, பாக்க எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். பாடீஸ்னு ஒண்ணு 2005-ல அமெரிக்காவுல தொடங்கினது, பிரீமியர் எக்சிபிஷன்ஸ்னு கம்பெனி, டாலியன்ல இருந்து வாங்கின சைனாக்காரங்க உடம்பு. தானம் கிடையாது, உரிமை கோர யாரும் வராத உடல்கள்னு சொன்னாங்க. 2008-ல நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் விசாரிச்சப்ப இவங்க எப்படி செத்தாங்கன்னோ சம்மதம் கொடுத்தாங்கன்னோ கம்பெனியால காட்ட முடியல. சைனா போலீஸ் வழியா வந்த உடல்கள், ஜெயில்ல இருந்து வந்ததில்லன்னு எங்களால உறுதி சொல்ல முடியாதுன்னு வெப்சைட்லயும் வாசல்லயும் எழுதிப் போடணும், ஏற்கனவே பாத்தவங்க கேட்டா பணத்த திருப்பித் தரணும்னு முடிவாச்சு. ஃபிரான்ஸ்ல 2009-ல பாரிஸ் கோர்ட்டு இந்த மாதிரி ஒரு கண்காட்சிய மூடச் சொல்லி, 2010-ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் அத உறுதி பண்ணிடுச்சு. பிரிட்டன்ல உள்நாட்டு உடம்ப காட்சிக்கு வைக்க சம்மதம் கட்டாயம், ஆனா வெளிநாட்டுல இருந்து கொண்டுவந்தா அந்த விதி பொருந்தாதுன்னு ஒரு ஓட்டை இருந்துது, 2022-லதான் அத அடைச்சாங்க. நிஜ உடம்புன்னு விளம்பரம் பாத்தா, தானம் கொடுத்தவங்கன்னு தெளிவா எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா திரும்பி வந்துடுங்க.

அனாட்டமியோட பழைய கதையே இதுல கறை படிஞ்சதுதான். 1632-ல ரெம்பிராண்ட் வரைஞ்ச டாக்டர் துல்ப் ஓவியம் பாத்திருப்பீங்க, சுத்தி ஏழெட்டு பேர் நிக்க மேஜைல ஒரு உடம்பு, அது ஆரிஸ் கிண்ட்னு தூக்குல போட்ட ஒரு திருடன். 1828-ல எடின்பரோல பர்க், ஹேர்னு ரெண்டு பேர் 16 பேர கொன்னு அனாட்டமி டாக்டருக்கு வித்தாங்க. எனக்கு ரொம்ப உறுத்தறது சார்லஸ் பர்ன் கதை. அயர்லாந்துக்காரர், ஏழரை அடி உயரம், லண்டன்ல தன்னையே காட்சிப்பொருளா வச்சு பிழைச்சவர், 1783-ல வெறும் 22 வயசுல செத்துப் போனார். டாக்டர்கள் தன் உடம்புக்கு அலையறாங்கன்னு அவருக்கு தெரியும், செத்தா கடல்ல போட்டுடுங்கன்னு நண்பர்கள்கிட்ட கெஞ்சியிருக்கார். ஆனா ஜான் ஹண்டர்ங்கற சர்ஜன் பணம் கொடுத்து உடம்ப வழியிலயே வாங்கிட்டார். இருநூறு வருஷத்துக்கு மேல அந்த எலும்புக்கூடு லண்டன் ஹண்டேரியன் மியூசியத்துல நின்னுச்சு, 2023-ல மியூசியத்த புதுப்பிச்சு திறந்தப்பதான் காட்சில இருந்து எடுத்தாங்க, இன்னும் புதைக்கல, அவங்ககிட்டயேதான் இருக்கு.

இந்தியாவும் இதுல இருக்கு. 1985-ல அரசாங்கம் தடை போடற வரைக்கும் உலகத்துல இருக்கிற மெடிக்கல் காலேஜ்களுக்கு மனுஷ எலும்புக்கூடு அனுப்புறதுல நம்ம நாடுதான் முன்னணி, முக்கியமா கல்கத்தால இருந்து. லண்டன்லயோ நியூயார்க்லயோ ஒரு பழைய கிளாஸ் ரூம்ல தொங்குற எலும்புக்கூடு பெரும்பாலும் எரிக்க காசில்லாத ஒரு இந்திய ஏழையோடது, அவர யாரும் கேக்கல. நான் படிச்ச எலும்புப் பெட்டிலயும் ஒரு தாடை எலும்பு இருந்துது, பல் முளைக்காம உள்ளயே இருந்த சின்ன வயசு தாடை. அது யாருன்னு கேட்டா பதில் சொல்ல ஆளில்ல. அதனாலதான் கையெழுத்து போட்டுக் கொடுத்தவங்க உடம்பு முன்னாடி நிக்கும்போது எனக்கு ஒரு நிம்மதி.

எல்லாமே சரின்னு சொல்ல வரல. 2009-ல பெர்லின்ல உடலுறவு நிலைல ஒரு ஜோடிய வச்சாங்க, பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. தானம் பண்ணினவங்க அதுக்கும் சம்மதிச்சிருக்காங்கன்னு விளக்கம் வந்துது, ஆனா அதுல கத்துக்க என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் விளங்கல. ஒரு உருவத்துக்கு முன்னாடி நின்னா உடம்பப் பத்தி ஏதாவது ஒண்ணு புதுசா தெரியணும், தெரியலன்னா அந்த நிலை வேடிக்கைக்காக வச்சது.

பொண்ணு விஷயம். ஏழாவது படிக்கிற, தானா ஆசைப்படுற குழந்தை பெரும்பாலும் நல்லாவே பாப்பா. பயம் வர்றது பெரியவங்களுக்குதான், குழந்தைங்க நேரா கேள்விக்கு போயிடும். ஆனா போறதுக்கு முந்தின நாளே உக்காத்தி வச்சு சொல்லிடுங்க, இவங்க எல்லாம் இறந்துபோனவங்க, உயிரோட இருக்கும்போதே நீங்க பாத்து கத்துக்கணும்னு எழுதிக் கொடுத்தவங்க, அதனால சத்தம் போட்டு சிரிக்கக் கூடாது, தொடக் கூடாது. பிறந்த மேனியா இருக்கும், அதையும் முன்னாடியே சொல்லிடறது நல்லது, அங்க போய் சங்கடப்பட வேண்டாம். சில கண்காட்சிகள்ல கருவுல இருக்கிற சிசுக்கள வாரம் வாரியா வச்ச ஒரு பகுதி உண்டு, பெரும்பாலும் தனி இடத்துல ஒதுக்கித்தான் வைப்பாங்க. கரு கலைஞ்ச வலி இருக்கிறவங்களுக்கு அது ரொம்ப கஷ்டமா இருக்கும், வாசல்லயே கேட்டுட்டு வேணாம்னா அந்த பக்கம் போகாதீங்க. யாருக்காவது தலை சுத்தினா உடனே உக்கார வைங்க, நிக்க வச்சு பேச்சு கொடுத்துட்டு இருக்காதீங்க, எங்க முதல் வருஷ பசங்க விழறது எல்லாம் நின்னுகிட்டே சமாளிக்கப் பாக்கும்போதுதான். காலைல சாப்பிட்டுட்டு போங்க. ஃபோட்டோ எடுக்கலாமாங்கறது இடத்துக்கு இடம் மாறும், அனுமதி இருந்தாலும் அந்த உடம்புகளோட சேந்து செல்ஃபி எடுக்காதீங்க.

அம்மாவ பத்தி யோசிச்சுட்டுதான் இவ்வளவும் எழுதினேன். அப்பாவ கடைசியா அவங்க எப்படி பாத்தாங்களோ, ஆஸ்பத்திரிலயா வீட்லயா, எனக்கு தெரியாது, உங்களுக்குதான் தெரியும். சும்மா ஒரு மியூசியம்னு சொல்லி உள்ள கூட்டிட்டு போயிடாதீங்க, அது மட்டும் வேண்டாம். தோல் இல்லாத உடம்பு நிக்கும்மா, இறந்தவங்க, அவங்களே எழுதிக் கொடுத்தது, பேத்தி பாக்க ஆசைப்படறா, உனக்கு எப்படின்னு அவங்ககிட்டயே கேளுங்க. என் மாணவி ஒருத்தரோட அம்மா புருஷன் போன ஆறாவது மாசமே இந்த மாதிரி ஒரு இடத்துக்கு தானா கேட்டு வந்தாங்க, இதயத்துக்கு ரத்தம் போற குழாய் எவ்வளவு ஒல்லியா இருக்குன்னு ரொம்ப நேரம் பாத்தாங்க, அவர் போனது மாரடைப்புல. அதே நிலைல இன்னொருத்தங்க வாசல்லயே திரும்பிடுவாங்க, ரெண்டும் சரிதான். வேண்டாம்னு அவங்க சொன்னா நீங்களோ உங்க வீட்டுக்காரரோ ஒருத்தர் அவங்களோட நெக்கர் ஆத்தங்கரைல இருங்க, பழைய பாலம் வரைக்கும் நடந்து போலாம், இன்னொருத்தர் பொண்ண கூட்டிட்டு உள்ள போங்க, பொறுமையா பாக்க ரெண்டு மணி நேரமாவது வேணும்.